வாசலுக்கு ஒரு விளக்கு, கொல்லைக்கு வேறு விளக்கு

போன மாதம் சித்தி போன் செய்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில், தெருவின் கடைசியில் இருக்கும் தனி வீடு அவருடையது. பிள்ளைகள் இருவரும் சென்னையில். வீட்டில் அவரும் சித்தப்பாவும் மட்டும்தான். பக்கத்துத் தெருவில் யாரோ சுவர் ஏறிக் குதித்து, மோட்டாருக்குப் போகும் ஒயரை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து சித்திக்குச் சரியான தூக்கம் இல்லை.

"வெளியில லைட்டு போடணும்ப்பா. எலக்ட்ரீஷியன் ஃபோகஸ் லைட்டுங்கிறார், பெரியவன் சென்சார் லைட்டுங்கிறான், எதிர்வீட்டுல சோலார்தான் நல்லதுன்னு சொல்றாங்க. நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு, அதை வாங்கிடுறேன்."

ஒன்றே ஒன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் வீட்டில் கடந்த சில வருடங்களில் இவை எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நன்றாக வேலை செய்கிறது, இன்னோரிடத்தில் சுத்தமாகப் பயன்படவில்லை. இதே குழப்பத்தில் பலர் இருப்பதால், சித்திக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

கடைக்குப் போனதும் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது இது: ராத்திரி இரண்டு மணிக்கு இந்த வெளிச்சத்தை யார் பார்ப்பார்கள்?

வெளிச்சம் தானாக யாரையும் பிடித்து நிறுத்துவதில்லை. ஒரு ஆள் சுவர் ஏறும்போது அதை இன்னொரு ஆள் பார்க்க முடியும், அப்படிப் பார்த்துவிடுவார்கள் என்று ஏறுகிறவனும் நினைக்க வேண்டும். அப்போதுதான் விளக்குக்கு வேலை. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் விடிய விடிய எரியும் பல்பு, பூட்டைக் கழற்ற வந்தவனுக்கு டார்ச் பிடித்துக் காட்டுகிற மாதிரிதான்.

ஆய்வுகளும் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசவில்லை. நியூயார்க்கில் 2016-இல் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றில் கோபுர விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள். இரவில் வெளியிடங்களில் நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. சிகாகோவில் 1990-களின் கடைசியில், வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளில் 90 வாட் விளக்குகளை எடுத்துவிட்டு 250 வாட் போட்டார்கள். அங்கே பதிவான குற்றங்கள் 21 சதவீதம் கூடிவிட்டன. வெளிச்சத்தில் மக்கள் அதிகம் பார்த்து அதிகம் புகார் கொடுத்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். தெருவிளக்கு பற்றிய பிரிட்டன், அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்த வெல்ஷ், ஃபாரிங்டன் என்ற இரு குற்றவியல் அறிஞர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள்: விளக்குகளைச் சரிசெய்த பகுதிகளில் இரவில் மட்டுமல்ல, பகலிலும் குற்றம் குறைந்திருந்தது. பகலில் விளக்கு எரியாது. தெரு மேல் ஜனங்களுக்கு அக்கறை வந்து, கவனிக்கத் தொடங்கியதுதான் வேலை செய்திருக்க வேண்டும். இவையெல்லாம் தெருவையும் பொது இடத்தையும் பற்றியவை, நம் கொல்லைப்புறத்தைப் பற்றியவை இல்லை. ஆனாலும் பார்க்கும் கண்தான் முக்கியம் என்ற என் எண்ணத்தை இவை உறுதிப்படுத்தின.

அதற்கு அடுத்தபடியாக நான் பார்ப்பவை நான்கு. விளக்கு எங்கே நிழலை உண்டாக்குகிறது. கரண்ட் போனாலும் மழை கொட்டினாலும் எரியுமா. வாங்கும் விலையைத் தவிர்த்துப் பின்னால் என்ன செலவு வைக்கும். அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுக்குமா. கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். நம் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிற கண்கள் அவர்களுடையவைதான்.

மின் கட்டணத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

## இரவு முழுக்க எரியும் சாதாரண பல்பு

9 வாட் எல்.ஈ.டி பல்பு, போர்டிகோ கூரையிலோ கேட் தூணிலோ. நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். சாயங்காலம் ஆறரைக்கு யாராவது போடுவார்கள், காலையில் வாசல் தெளிக்க வரும்போது அணைப்பார்கள்.

இரவுக்கு 12 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 60 நாள் என்று வைத்துக்கொண்டால் இது இழுப்பது ஆறரை யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றே போட்டாலும் 33 ரூபாய்தான் ஆகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகச் செலவழிக்கும் வீட்டில் இதுகூட பில்லில் வராமல் போகலாம். ஆகவே "கரண்ட் செலவு" என்று பயந்து வாசல் விளக்கை அணைத்துவைப்பதில் அர்த்தமில்லை. கரண்ட் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதை எடுத்துவிட்டு சோலாருக்கோ சென்சாருக்கோ போவதிலும் அர்த்தமில்லை.

தெருவைப் பார்த்த வாசலுக்கு இதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை என்பது என் முடிவு. எதிர்வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தவர், ரோந்து வரும் போலீஸ்காரர், விடிகாலை பால் போடுகிறவர் என்று அந்த வெளிச்சத்தைப் பார்க்க ஆள் இருக்கிறது. மணி அடித்தால் யார் நிற்கிறார்கள் என்று கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். வயதானவர்கள் படியில் இடறாமல் இறங்கலாம்.

இதில் ஒளிந்திருக்கும் ஆபத்து சுவிட்ச்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போகிறவர்கள் பாதுகாப்பு என்று நினைத்து வாசல் விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அது எரிந்துகொண்டிருக்கும். "இங்கே யாரும் இல்லை" என்று போர்டு மாட்டினதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. இதற்கு மருந்து டே-நைட் சென்சார். இருட்டினால் போட்டு, விடிந்தால் அணைக்கும் இந்தச் சின்னப் பெட்டி எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை மாட்டும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த பல்பின் வெளிச்சமே சென்சாரின் கண்ணில் விழக்கூடாது. விழுந்தால் பகல் வந்துவிட்டது என்று அணைக்கும், அணைந்ததும் இருட்டிவிட்டது என்று போடும், ராத்திரி முழுக்க கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

பல்பு வாங்கும்போது மஞ்சள் சாயலுள்ள 3000 கெல்வின் வகையைக் கேளுங்கள். நீலச் சாயலுள்ள 6500 வெள்ளை பல்புதான் பூச்சிகளை அதிகம் இழுக்கிறது. ஒரு மழைக்குப் பிறகு ஈசல் மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூச்சி வந்தால் பல்லி வரும், தவளை வரும், சிலந்தி வலை கட்டும்.

## ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு

நான் அதிகம் யோசித்ததும் அதிகம் தவறு செய்ததும் இதில்தான்.

இதன் பலம் மாற்றம். விடிய விடிய எரியும் விளக்கை யாரும் கவனிப்பதில்லை. இருட்டாக இருந்த இடம் சட்டென்று பளிச்சென்று ஆனால் கவனிக்காமல் இருக்க முடியாது. உள்ளே வந்தவனுக்கு யாரோ சுவிட்ச் போட்டுவிட்டார்கள் என்ற திடுக்கிடல். உள்ளே தூங்குகிறவருக்கு ஜன்னலில் திடீர் வெளிச்சம். இந்த இரண்டாவது விஷயம் நடக்க வேண்டும் என்றால், அந்த வெளிச்சம் படுக்கையறை ஜன்னலிலோ வென்டிலேட்டரிலோ கொஞ்சமாவது படுகிற மாதிரி விளக்கை வைக்க வேண்டும். கொல்லையில் எரிந்து கொல்லையிலேயே அணைந்துபோகும் விளக்கால் பாதிப் பயன்தான்.

கடையில் "சென்சார் பல்பு" என்று ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

முதல் வகை பி.ஐ.ஆர். உடம்புச் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் நகர்வதைக் கண்டுபிடிப்பது. வெள்ளையாகப் பால் நிறத்தில் ஒரு சின்னக் குமிழ் இருந்தால் அது பி.ஐ.ஆர். நம் ஊருக்கு இதில் ஒரு பிரச்சினை உண்டு. பின்னணிச் சூட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது ஆளை அறிகிறது. மே மாத ராத்திரியில் பகலெல்லாம் காய்ந்த சுவர் ஒன்பது மணிக்கும் அனலடிக்கும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். டிசம்பரில் வாசலிலிருந்தே பிடித்த விளக்கு, கோடையில் பக்கத்தில் வந்தால்தான் எரியும். பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். இன்னொன்று, நேராக எதிரே நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடந்து போகிறவரை அது சுலபமாகப் பிடிக்கும். அதனால் சந்தின் கோடியில் சந்தை நேராகப் பார்த்தபடி மாட்டாமல், நடக்கும் வழிக்குப் பக்கவாட்டில், ஏழெட்டு அடி உயரத்தில் மாட்டுவது நல்லது. ஏசியின் வெளி யூனிட்டுக்கு எதிரே மாட்டினால், அது கக்கும் சூடான காற்றுக்கே எரியும்.

இரண்டாவது வகை ரேடார் அல்லது மைக்ரோவேவ். இதற்குக் குமிழ் இருக்காது, சாதாரண பல்பு போலவே தெரியும். சூடு இதைப் பாதிக்காது என்பது நல்ல விஷயம். ஆனால் மெல்லிய கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டிப் பார்க்கும். வீட்டுக்குள் நடமாடினால் வெளி விளக்கு எரியும், காற்றில் வாழை இலை ஆடினாலும் எரியும். மரம் செடி இருக்கும் கொல்லைக்கு இது வேண்டாம். மாடிப்படி வளைவு, கார் நிறுத்தும் மூடிய இடம் போன்றவற்றுக்குச் சரி.

பி.ஐ.ஆர் தனிப் பெட்டியாக வாங்கினால் அடியில் மூன்று திருகுகள் இருக்கும்: எவ்வளவு நேரம் எரிய வேண்டும், எவ்வளவு இருட்டினால் வேலை தொடங்க வேண்டும், எவ்வளவு நுட்பமாகப் பார்க்க வேண்டும். பலர் கடையில் வந்தபடியே மாட்டிவிட்டு "பூனைக்கெல்லாம் எரியுது, சரியில்ல" என்று கழற்றி வைக்கிறார்கள். நேரத்தை ஒரு நிமிடத்துக்கு வையுங்கள். நுட்பத்தைக் குறைத்து ஆரம்பித்து, தினமும் ராத்திரி ஒருமுறை நடந்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பூனைக்கும் நாய்க்கும் தினம் பத்து தடவை எரிந்தால், "புலி வருது" கதையாகி, பதினோராவது தடவை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்த விளக்கின் மறைமுகச் செலவு பணம் இல்லை, இந்த அலட்சியம்தான்.

சுவிட்சுக்கு மேல் ஒரு டேப் ஒட்டி "அணைக்காதீர்கள்" என்று எழுதிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரோ பேரப்பிள்ளையோ தெரியாமல் அணைத்துவிட்டால், மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான்.

## ஃபோகஸ் லைட்

50 வாட் எல்.ஈ.டி ஃபோகஸ் லைட் ஒன்றை மாடிச் சுவரில் மாட்டித் தெருவரை அடிக்கிற மாதிரி வைத்தால், வீட்டுக்காரருக்கு முதல் நாள் பெரிய நிம்மதி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான்காம் நாள் பின்வீட்டு அக்கா வந்து, "தம்பி, அந்த வெளிச்சம் நேரா எங்க ரூம்ல விழுது, பாப்பா பன்னெண்டாவது படிக்கிறா, தூங்கவே முடியல" என்றார். அன்று ராத்திரி அவர் வீட்டு மாடியில் ஏறி என் வீட்டைப் பார்த்தேன். கண் கூசியதில் விளக்கைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் கரும் நிழல் விழுந்திருந்தது. அதில் இரண்டு பேர் நின்றாலும் எனக்குத் தெரிந்திருக்காது. முன்பு அந்த இடம் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. இப்போது சுத்தமாக மறைந்துவிட்டது.

பளீர் வெளிச்சத்தின் குணமே இதுதான். கண் அதற்குப் பழகிவிட்டால் பக்கத்து நிழல் இன்னும் கறுப்பாகிவிடும். ஒரே பெரிய விளக்கைவிட, வெளிச்சம் ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி இரண்டு மூன்று சின்ன விளக்குகள் எப்போதும் மேல்.

50 வாட் ஒன்று ராத்திரி முழுக்க எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட், மூலைக்கொன்றாக நான்கு போட்டால் 144. ஏசி ஓடும் வீட்டில் இது உங்களை 500 யூனிட்டுக்கு மேலே தள்ளிவிடக்கூடும். 500-ஐத் தாண்டினால், 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விகிதமும் போய்விடும் என்பதால் பில் எகிறும். பழைய 500 வாட் ஹாலஜன் இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் கழற்றிவிடுங்கள். ஒன்று மட்டுமே 360 யூனிட் தின்னும்.

ஃபோகஸ் லைட்டுக்கு நியாயமான இடம் இல்லாமல் இல்லை. களம், மாட்டுக்கொட்டகை, நிறைய திறந்த வெளி, பக்கத்தில் வீடு இல்லை என்றால் போடலாம். அதையும் தரையைப் பார்த்துக் கவிழ்த்து மாட்டி, பி.ஐ.ஆர் பெட்டி வழியாகக் கொடுத்துவிட்டால், எரிந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

## சோலார்

எதிர்வீட்டுக்காரர் சொன்னது முழுக்கத் தவறில்லை. ஒயர் இழுக்க வேண்டாம், கரண்ட் போனாலும் எரியும், ஷாக் அடிக்கும் பயம் இல்லை, வாடகை வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். இந்த நான்கும் உண்மை.

ஆனால் ஆன்லைனில் "100 வாட் சோலார்" என்று சில நூறு ரூபாய்க்கு வரும் கையகலப் பெட்டியை நம்பாதீர்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 1200 மில்லி ஆம்பியர் கொள்ளளவுள்ள ஒரு லித்தியம் செல். 3.7 வோல்ட்டால் பெருக்கினால் நாலரை வாட்-மணிகூட வராது. அதை 12 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் அரை வாட்டுக்கும் கீழே. 100 வாட் எங்கிருந்து வரும்? அதனால்தான் இவை மங்கலாக எரிந்து, ஆள் வந்தால் சில விநாடி மட்டும் பிரகாசமாகின்றன.

தமிழ்நாட்டுக்கென்று இன்னொரு சிக்கல். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் இரவு நீளும் மாதங்களும் அவைதான், வெயில் முகம் காட்டாத மாதங்களும் அவைதான். டெல்டாவிலும் கடற்கரை மாவட்டங்களிலும் மூன்று நாள் மூடாக்காக இருந்தால், நள்ளிரவுக்கு முன்பே இவை அணைந்துபோகும். வெளிச்சம் அதிகம் தேவைப்படும் ராத்திரியில் இல்லாமல் போகிற விளக்கைப் பிரதான விளக்காக வைத்துக்கொள்ள முடியாது.

செலவுப் பக்கம் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். செல்லை மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்கவில்லை என்றால் மொத்த விளக்கும் குப்பைதான். பேனலைத் தெற்கு முகமாக, தென்னை நிழல் விழாத இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை தூசி துடைக்க வேண்டும். பேனல் தனியாக, விளக்கு தனியாக ஒயரோடு வருவது இதற்கு வசதி. விளக்கை நிழலில் மாட்டிப் பேனலை வெயிலில் வைத்துவிடலாம்.

ஆகவே சோலார் எங்கே? ஒயர் எட்டாத கேட் மூலை, தோட்டத்தின் கடைசிச் சுவர், மொட்டைமாடி, வாடகை வீடு. துணை விளக்காக மட்டும்.

## கேமராவோடு சேர்ந்த விளக்கும் வைஃபை பல்பும்

கேமரா வேறு வேலை. நடந்ததைப் பதிவு செய்யும். அகச்சிவப்புக் கேமராவுக்கு இருட்டிலும் தெரியும், ஆனால் கறுப்பு வெள்ளையில்தான். சட்டை நிறம், வண்டி நிறம் தெரிய வேண்டும் என்றால் அந்த இடத்தில் மிதமான வெளிச்சம் வேண்டும். விளக்கு கேமராவின் கண்ணுக்கு எதிரே இல்லாமல் அதன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும்.

வைஃபை பல்பை அபுதாபியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போட்டு அணைக்கலாம். பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஓர் ஆறுதல். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும் என்பதால், ரவுட்டரை இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | சாதாரண பல்பு + டே-நைட் சென்சார் | பி.ஐ.ஆர் விளக்கு | ஃபோகஸ் லைட் (50 வாட்) | சோலார் |
|---|---|---|---|---|
| இரண்டு மாத மின்சாரம் | 6.5 யூனிட் | சுமார் 1 யூனிட் | 36 யூனிட் | இல்லை |
| கரண்ட் போனால் | இன்வெர்ட்டர் இருந்தால் எரியும் | இன்வெர்ட்டர் இருந்தால் எரியும் | இன்வெர்ட்டரைச் சீக்கிரம் காலி செய்யும் | எரியும் |
| அடைமழைக் காலம் | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | பாதி ராத்திரியில் அணையலாம் |
| மறைமுகச் செலவு | பூச்சி | பூனை, நாய், கோடைச் சூடு, அலட்சியம் | பக்கத்து வீட்டார் தூக்கம், நிழல், பில் | பேட்டரி |
| ஏற்ற இடம் | தெருவைப் பார்த்த வாசல் | சந்து, கொல்லை, மாடிப்படி | களம், கொட்டகை | ஒயர் எட்டாத மூலை |

இந்த அட்டவணையில் வராத ஒரு செலவு ஒயரிங். கேட் தூணுக்கோ கொல்லைச் சுவருக்கோ ஒயர் இழுக்கும்போது பைப் போட்டுத்தான் இழுக்க வேண்டும். திறந்த ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றி இரும்பு கேட் மேல் கட்டிவிடுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். மழை நாளில் அந்த கேட்டைத் தொடுவது நம் வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். திருடனுக்குப் பயந்து போட்ட விளக்கு வீட்டு ஆளை எடுத்துவிடக் கூடாது. வெளி விளக்குகள் போகும் லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகப் போகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இல்லை என்றால் விளக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள். பெட்டியில் ஐ.பி என்று இருக்கும் எண், தூசியையும் தண்ணீரையும் விளக்கு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. மழை நேராகப் படும் இடத்துக்கு ஐ.பி 65 என்று போட்டிருக்கும் விளக்கு, கூரைக்கு அடியில் என்றால் ஐ.பி 44 போதும். எல்.ஈ.டி பெட்டியில் பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

## எந்தப் பக்கத்துக்கு எது

வீட்டை ஒன்றாகப் பார்க்காமல் நான்கு பக்கமாகப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நின்று, "இங்கே என்னை யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள்.

தெருவைப் பார்த்த பக்கம் எல்லோருக்கும் தெரியும். அங்கே நிலையான, மிதமான, மஞ்சள் வெளிச்சம். காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து இருக்கிறதே, அங்கே யாருக்கும் தெரியாது. பி.ஐ.ஆர்தான் வேண்டும், படுக்கையறை ஜன்னலில் வெளிச்சம் தட்டுகிற மாதிரி. கொல்லைக் கதவு, கிணற்றடி, மோட்டார் ரூம் எல்லாவற்றுக்கும் அதே.

பலரும் மறந்துவிடுவது வெளிப்பக்க மாடிப்படி. வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டிருப்பார்கள். மொட்டைமாடிக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்தான். படியின் திருப்பத்தில் ஒரு சென்சார் பல்பு கட்டாயம் போடுங்கள். சன்ஷேடு வழியாக ஏற முடிகிற பக்கம் எது என்றும் ஒருமுறை பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் ஒருவரைக் கொல்லையில் ஒவ்வொரு மூலையிலும் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஜன்னலிலிருந்து பாருங்கள். முகம் தெரிகிறதா? ஆள் நிற்பதே தெரியவில்லை என்றால் பல்பை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

தோட்டத்து வீடுகளுக்கு இந்தக் கணக்கு மாறும். கொங்குப் பக்கம் காட்டுக்குள் தனியாக வயதான தம்பதிகள் இருக்கும் வீடுகளை நினைத்தால் மனது கலங்குகிறது. அங்கே வாசலிலும் பார்க்க ஆள் இல்லை. அதனால் அங்கே விளக்கை மட்டும் நம்பவே கூடாது. பி.ஐ.ஆர் பெட்டியில் விளக்கோடு ஒரு மணியையும் சேர்த்து, அது வீட்டுக்குள் ஒலிக்கும்படி செய்யலாம். எந்த எலக்ட்ரீஷியனும் செய்து தருவார். நாய் இருக்க வேண்டும். தலைமாட்டில் போன் இருக்க வேண்டும், அதில் 112-ஐயும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எண்ணையும் ஒரே அழுத்தில் கூப்பிடும்படி வைத்துக் கொடுக்க வேண்டும். விளக்கு எரிந்ததும் கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அவர்கள் பழக்கம் அப்படி, "யாரு அது" என்று கேட்டுக்கொண்டே போய்விடுவார்கள். வெளி விளக்குக்கு ஒரு சுவிட்ச் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தால் நல்லது.

## பூட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது

வீட்டில் ஆள் இருப்பதை வெளி விளக்கைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது உள் விளக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் ஒரு பல்பு, பத்து மணிக்கு அணைந்தால் இயல்பாக இருக்கும். டைமர் பிளக் ஒன்று போதும். ஆனால் வாசலில் கோலம் இல்லாமல், பேப்பர் நான்கு நாளாகக் குவிந்து கிடந்தால் எந்த விளக்கும் உதவாது. பால், பேப்பர் இரண்டையும் நிறுத்துங்கள், வாசல் பெருக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். வெளியூர் போகும் தேதியை உள்ளூர் காவல் நிலையத்தில் சொன்னால் ரோந்தில் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். காவல்துறையே அதைக் கேட்கிறது.

சித்தி வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், வாசல் பல்புக்கு டே-நைட் சென்சார் ஒன்று, இடப்பக்கச் சந்துக்கும் கொல்லைக்கும் ஒவ்வொரு பி.ஐ.ஆர், மாடிப்படிக்கு ஒரு சென்சார் பல்பு. இதோடு ஆர்.சி.சி.பியும். ஃபோகஸ் லைட் வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் மனது நோகக் கூடாது என்று, ஒயர் எட்டாத வைக்கோல்போர் மூலைக்கு அவர் சொன்ன சோலார் ஒன்றும் வாங்கியிருக்கிறார்.

முதல் வாரம் கொல்லை விளக்கு தினமும் ஐந்தாறு தடவை எரிந்தது. கீரிப்பிள்ளை. சித்தப்பா ஸ்டூல் போட்டு ஏறி நுட்பத் திருகைக் கொஞ்சம் குறைத்தார், இப்போது ஒன்றிரண்டோடு நிற்கிறது. தெருமுனைக் கம்பத்தில் விளக்கு எரிந்து ஆறு மாதமாகிறது. எதிர்வீட்டுக்காரரும் சித்தியும் சேர்ந்து தெருவில் பதினோரு வீட்டில் கையெழுத்து வாங்கி, போன திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள்.